பாறையின் கோடு

என் கணவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தியே கிடையாது என்று செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு மெஷின் சொன்னது.

வாய் திறந்து சொல்லவில்லை, ஒரு கோடு போட்டுக் காட்டியது. அந்தக் கோட்டை நான் மூன்று முறை பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காம் முறையும் பார்த்தேன். கோடு மாறவில்லை.

அவருக்கு மருத்துவமனை முழுக்கப் பாறை என்றுதான் பெயர். தரைத்தளத்தில் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருடங்களில் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. பக்கத்து மேசைக்காரர் முகத்துக்கு நேரே தும்மினாலும் பேனாவைக் கீழே வைக்க மாட்டார். "கிருமிக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு. என்கிட்ட வந்தா பிழைக்காதுன்னு அதுக்குத் தெரியும்" என்பார்.

அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் அவருடைய ரத்தத்தை அளவுகோலாக வைத்திருந்தோம். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும்போது, நல்ல ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தத்தையும் பக்கத்திலேயே வைத்து அதே முறையில் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோளாறு நோயாளியிடம் இருக்கிறதா, சோதனையில் இருக்கிறதா என்று தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் பாறை இருக்கும்போது வேறு ஆளை எதற்குத் தேடுவது? பத்து நாளுக்கு ஒரு முறை இரண்டு ஸ்பூன் ரத்தம் கொடுப்பார். கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதியவர் மார்க் கேட்பதுபோல மதியம் வந்து கேட்பார்: "எப்படி, பாறை நின்னுதா?"

நிற்கும். எப்போதும் நிற்கும். அன்று விழுந்துவிட்டது.

சோதனை இதுதான். ரத்தத்திலிருந்து ஒரு வகை வெள்ளையணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக் கழுவி, ஒரு கரைசலில் மிதக்கவிடுவோம். கடல் மீனைக் கண்ணாடித் தொட்டியில் விடுவதுபோல. அந்த அணுக்களுக்கு ஒரு சாயம் ஏற்றியிருப்போம். அணுவுக்குள் கால்சியம் ஏறினால் சாயம் ஒளிரும், இறங்கினால் மங்கும். பிறகு 'எதிரி வந்துவிட்டான்' என்று பொய் சொல்லும் மருந்தைச் சேர்ப்போம். நல்ல அணுவாக இருந்தால் கால்சியம் சட்டென்று ஏறும், ஏறிய இடத்திலேயே நிற்கும். மெஷின் வரையும் கோடு படிக்கட்டு மாதிரி இருக்கும். கோளாறான அணுவில் கோடு ஏறும், இரண்டு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். நிற்பதுதான் முக்கியம். கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் அணு புரண்டு படுத்துக்கொள்ளும். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி போர்த்திக்கொள்கிறோமே, அப்படி. நின்று அடித்தால்தான் அது எழுந்து, பெருகி, சண்டைக்குப் போகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாறையின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடும் இருந்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் எட்டு மாதப் பெண் குழந்தையுடையது. பிறந்ததிலிருந்து சளி, காய்ச்சல், வாய்ப்புண், மறுபடி சளி. அதன் கோடும் ஏறி விழுந்திருந்தது. குழந்தையின் கோடு மட்டும் விழுந்திருந்தால் விஷயம் தெளிவு: கொடிய நோய், வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் குழந்தையின் சொந்த மஜ்ஜையை மருந்து கொடுத்தே அழிப்பார்கள். பூப்போன்ற உடம்பு தாங்குமா என்பது தனிக் கேள்வி. ஆனால் இரண்டு கோடும் விழுந்திருக்கிறதே!

எங்கள் தலைமை டாக்டரம்மா கோடுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். மெஷின் மேல பழி போடாத."

"நான் இன்னும் போடவே இல்லையே மேடம்."

"போடப்போற. மூஞ்சியிலயே எழுதியிருக்கு." பெருமூச்சு விட்டார். "மாடியில ரிப்போர்ட் கேக்கிறாங்க. வெள்ளிக்கிழமை காலையில குழந்தைக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துத் தருவாங்க. அதான் கடைசி. எட்டு மாசக் குழந்தைகிட்ட எவ்வளவுதான் உறிஞ்சுறது? அதுக்குள்ள உன் பாறையை நிக்க வை."

வெளியே பெஞ்சில் குழந்தையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பால்புட்டிப் பை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வெள்ளிக்கிழமை தெரியும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த நடைக்கூடம் அன்று வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

மதியம் பாறை வந்தார். "நின்னுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தக் கலை வராது.

"விழுந்துடுச்சுங்க."

"யாருது?"

"உங்களுது."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "பேரை மாத்தி ஒட்டியிருப்பே."

"நானா?"

எங்கள் வீட்டு உப்பு டப்பாவில்கூட தேதி ஒட்டியிருக்கும்.

"சரி, என்ன விழுந்துச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

எனக்கு இப்படி யாராவது கேட்டால் போதும். "உங்க ஸ்டோரையே எடுத்துக்குங்க. அணுவுக்குள்ள ஒரு சின்ன அலமாரி. அதுல கால்சியம் அடுக்கி வெச்சிருக்கு. எதிரியைத் தொட்டதும் அலமாரியில இருக்கிறதை அப்படியே உள்ள கொட்டிடும். கோடு ஏறுறது அதாலதான். ஆனா அலமாரி சின்னது, உடனே தீந்துடும். சரக்கு இவ்வளவுக்குக் கீழ போனா உங்க ஸ்டோர்ல என்ன பண்ணுவீங்க?"

"கார்டு எழுதி வாசல் கேட்டுக்கு அனுப்புவேன். கேட்டைத் திறப்பாங்க. லாரி உள்ள வரும்."

"அதேதான்! அலமாரி காலியானா அதுலயே ஒரு காவல்காரன் இருக்கான், அவன் போய் வெளிச்சுவர்ல இருக்கிற கதவைத் தட்டுவான். கதவு திறக்கும். வெளியில கால்சியம் உள்ள இருக்கிறதைவிடப் பத்தாயிரம் மடங்கு கிடக்கு. மடமடன்னு வரும். கோடு நிக்கும்."

பாறையின் முகம் மாறியது. தன் தொழிலைத் தொட்டதால் விஷயம் நன்றாகவே புரிந்துவிட்டது, அதுதான் ஆபத்து. "அப்ப எனக்குக் கார்டு எழுதுறவன் செத்துட்டானா, கேட்டுல இருக்கிறவன் தூங்குறானா?"

"அதான் தெரியல."

"ஸ்டோர்ல ரெண்டுல எது நடந்தாலும் மூணே நாள்ல ஆஸ்பத்திரியை இழுத்து மூடணும்" என்றார், மெல்லிய குரலில். பிறகு பதினோரு வருடங்களில் முதன்முறையாக இருமினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மாமியாருக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாங்க, பொண்ணு ரத்தம் எடுக்கிற வேலைன்னு" என்றார், கூடத்துச் சுவரைப் பார்த்து. "அடுத்தவங்க ரத்தம்னு நினைச்சேன்."

"அத்தை, ரெண்டு ஸ்பூன்தான் எடுத்தேன்."

"பதினோரு வருஷமா ரெண்டு ரெண்டு ஸ்பூனா எடுத்தா குளமே வத்திடும். அப்புறம் அவன் சொல்ற அந்தக் கதவு எங்க இருக்கும்?"

பாறை சோபாவில் கழுத்து வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிப்பாராம். ஒரு முறை கொதித்தால் போதாதாம், கிருமி மயக்கம் போட்டுக் கிடக்குமாம், அதனால் மூன்று முறை. மின்கெண்டி ஓயாமல் சீறிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். மெக்கானிக் வந்து மெஷினைப் பிரித்துப் போட்டு, "இது எங்க அப்பா மாதிரி, தப்பே பண்ணாது, சத்தம் மட்டும் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயம் புதிது. மருந்து புதிது. மிஞ்சியது கரைசல்.

கரைசல் அறை பளிங்கின் பொறுப்பு. பெயருக்கேற்ற பெண். ஒன்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளைச் சுத்தம் செய்தவள். இரண்டு மாதம் முன்பு எங்களிடம் மாற்றலாகி வந்தாள். அவள் வந்த பிறகு அந்த அறைத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். முன்பு இருந்தவர், எல்லோருக்கும் பெரியப்பா, வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். போகும்போது பெரிய ஜாடி நிறையக் கரைசல் செய்து வைத்திருந்தார். அது போன வாரம்தான் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை நான் எடுத்தது பளிங்கு செய்த முதல் புட்டி.

ஆகவே கேட்டேன். "பளிங்கு, கால்சியம் போட்டியா?"

அவள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். ஆறு பொருள்; ஆறாவது கால்சியம்; நான்கு தசம இடம் வரை எடை; கையெழுத்து. பெரியப்பாவின் அட்டையைப் பார்த்தே செய்ததாகச் சொன்னாள். அட்டையில் ஆறு பொருளும் அளவும் வரிசையாக இருந்தன. கீழே ஒரே ஒரு வரி: 'ஆட்டோகிளேவில் வைக்கவும்.' ஆட்டோகிளேவ் என்பது ஆள் உயரப் பிரஷர் குக்கர். அதில் வைத்தால் எந்தக் கிருமியும் பிழைக்காது.

"நம்பிக்கை இல்லன்னா புதுசா ஒண்ணு பண்ணித் தரேங்க்கா" என்றாள், கண் கலங்க. செய்தும் தந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு தூசு இல்லை. அதிலும் பாறை விழுந்தார். இன்னும் ஒன்று தந்தாள். அதிலும் விழுந்தார்.

கரைசல் மேல் குற்றமில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு, என் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தேன். என் கோடும் விழுந்தது. டாக்டரம்மா புடவை முந்தானையை ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டினார். அவர் கோடும் விழுந்தது.

இது நல்ல செய்திதானே? மூன்று பேருக்கும் ஒரே நாளில் அபூர்வ நோய் வராது, சோதனையில்தான் ஏதோ தப்பு. இதை வீட்டில் சொன்னால் பாறை போர்வையை உதறிவிட்டு எழுந்துவிடுவார் என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"உங்களுக்கு மட்டும் இல்லங்க. எனக்கும் விழுந்துடுச்சு. மேடத்துக்கும் விழுந்துடுச்சு!"

பாறை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ. என்கிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சா?"

மாமியார் நாற்காலியோடு இரண்டடி நகர்ந்தார்.

"அத்தை, இது ஒட்டுற வியாதி இல்ல."

"நான் காத்துக்கு நகர்ந்தேன்" என்றார் அவர். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

வியாழக்கிழமை காலை சமையலறையில் பாறை நின்றுகொண்டிருந்தார். கெண்டியிலிருந்து ஒரு நீலக் கைக்குட்டை வழியாகத் தண்ணீரைப் பாத்திரத்துக்கு வடித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை நான்காக மடித்திருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கொதிக்க வெச்சா தண்ணி சுத்தமாகும்னு பாத்தா, அழுக்காகுது. வெள்ளையா செதில் செதிலா மிதக்குது. வடிகட்டிட்டேன். இப்பப் பாரு!" பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். "கண்ணாடி மாதிரி இருக்கா?"

கண்ணாடி மாதிரிதான் இருந்தது. நீலக் கைக்குட்டையில் வெள்ளை மாவு படிந்திருந்தது. கெண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஓர் அடை.

எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கடினமானது. வாளி விளிம்பெல்லாம் வெள்ளை படியும். அந்த வெள்ளை என்ன என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் கால்சியம், சூடு பட்டதும் கூட இருக்கும் வேறொன்றைக் கைப்பிடித்துக்கொண்டு கல்லாகிக் கீழே இறங்கிவிடும். தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்த விஷயம் சமையலறையில் இருந்தது, தெரியாத விஷயம் ஆய்வகத்தில் இருந்தது. நடுவில் ஒரு பேருந்துப் பயணம்.

"அம்மாடி, ஏன் அழுவுற?" என்று பாறை பதறினார். "எனக்கு ரொம்ப முத்திடுச்சா?"

"நீங்க வடிகட்டினது கிருமி இல்லங்க. கால்சியம்." கைக்குட்டையை அப்படியே மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். "கிளம்புங்க. இன்னும் ரெண்டு ஸ்பூன் வேணும்."

"இருக்கிறதே கொஞ்சம். அதையுமா?"

கரைசல் அறையில் பளிங்கு கையுறை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆட்டோகிளேவ் ஆறிக்கொண்டிருந்தது.

"பளிங்கு, அதுலேர்ந்து வெளியில எடுக்கிறப்போ கரைசல் எப்படி இருக்கும்?"

அவள் முகம் சுருங்கியது. வீட்டுக் குப்பையை விருந்தாளி பார்த்துவிட்டதுபோல. "அதை ஏன்க்கா கேக்கிறீங்க. பாலைக் கலந்த மாதிரி கலங்கி வரும். அப்படியே குடுக்க எனக்கு மனசு வருமா? வடிகட்டித்தான் தருவேன்."

"வடிகட்டின தாள்ல என்ன இருக்கும்?"

"வெள்ளையா மாவு மாதிரி. தூக்கிப் போட்டுடுவேன்." கொஞ்சம் பெருமையாகவே சேர்த்தாள்: "ரெண்டாவது புட்டியும் சரியில்லன்னு சொன்னீங்கல்ல? அதான் மூணாவதை ரெண்டு தடவை வடிகட்டினேன்."

ஆறு பொருளில் பாஸ்பேட் என்ற உப்பும் ஒன்று. பிரஷர் குக்கர் சூட்டில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல்லாகியிருக்கின்றன. அந்தக் கல்லை எங்கள் பளிங்கு ஒரு பொடிகூட விடாமல் வாரிக் குப்பையில் போட்டிருக்கிறாள். நான் குறை சொல்லச் சொல்ல இன்னும் நன்றாக வாரியிருக்கிறாள்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கால்சியமா? அதை வேகவெச்சு ஆறினப்புறம் கடைசியிலதானே ஊத்தணும்!" என்றார். "எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே!"

"அட்டையில எழுதலியே பெரியப்பா."

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்கும்மா எழுதணும்?"

அன்று பதினோரு மணிக்குப் பாறையின் அணுக்களைப் பளிங்கின் மூன்றாவது புட்டியில் மிதக்கவிட்டு மெஷினில் வைத்தேன். சந்தேகத்தை முழுதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பொய்ச் செய்தி சொல்லும் மருந்தைச் சேர்த்தேன். கோடு ஏறியது. இரண்டு நிமிடத்தில் வழக்கம்போல விழுந்தது. டாக்டரம்மா உதட்டைக் கடித்தார். பாறை சுவரைப் பிடித்துக்கொண்டார். தனியாகக் கரைத்து வைத்திருந்த கால்சியத்தில் ஒரே ஒரு சொட்டை எடுத்துக் குழாயில் விட்டேன்.

கோடு எகிறியது. எகிறிய இடத்தில் நின்றது. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம். நின்றுகொண்டே இருந்தது.

"கார்டு எழுதுறவன் உயிரோடதான் இருக்கான்" என்றேன். "கேட்டுல இருக்கிறவனும் தூங்கல. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தான். ரோட்டுலதான் லாரியே இல்ல."

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்றார் டாக்டரம்மா. அவருக்கு எதற்கும் ஒரு பழமொழி உண்டு, அன்று முதன்முறையாகப் பொருத்தமான இடத்தில் வந்தது.

பாறை நெஞ்சை நிமிர்த்தினார். "நான் அப்பவே சொன்னேன், எனக்கு ஒண்ணும் இல்லன்னு."

பளிங்கு மட்டும் மூலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான்தான் கெடுத்துட்டேன்."

"நீ அட்டையில இருந்ததைத்தான் பண்ணின" என்றேன். "வா, புதுப் புட்டி பண்ணலாம்."

சேர்ந்து செய்தோம். ஆறிய பிறகு கால்சியத்தை அவளே ஊற்றினாள், பச்சைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல. கலங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழந்தையின் ரத்தம் வந்தது. குழாயின் அடியில் கொஞ்சம், அவ்வளவுதான். முதலில் பாறை. ஏறினார், நின்றார். அடுத்தது குழந்தை. மருந்தைச் சேர்த்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டேன். கோடு ஏறியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம் ஆனதும் லேசாகத் தாழ்ந்தது. தாழ்ந்த கோடு உடனே சமாளித்து, பாறையின் கோட்டுக்குச் சரியாகத் தோள் உரசிக்கொண்டு நின்றது. பத்து நிமிடம் நின்றது.

டாக்டரம்மா பெஞ்சுக்குப் போனார். நான் கதவருகில் நின்று கேட்டேன்.

"நாங்க பயந்த நோய் இல்லம்மா. மஜ்ஜை மாத்த வேண்டாம். அடிக்கடி சளி பிடிக்கிறதுக்கு வேற காரணம் இருக்கு, அதைத் தேடுவாங்க."

அந்த அம்மா பால்புட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "செவ்வாக்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கிழமை எங்க எல்லாருக்குமே அந்த நோய் இருந்துச்சும்மா" என்றார் டாக்டரம்மா.

அன்று மதியம் பெரியப்பாவின் அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டை எழுதினேன். பளிங்கு அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, உறையையும் துடைத்து, ஆட்டோகிளேவுக்கு நேர் எதிரே ஒட்டினாள். அதில் இப்படி இருக்கிறது:

முதல் ஐந்து பொருளை மட்டும் தண்ணீரில் கரைக்கவும். ஆட்டோகிளேவில் வைக்கவும். கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடவும். கால்சியத்தைத் தனிப் புட்டியில் கரைத்துத் தனியாக ஆட்டோகிளேவில் வைத்து ஆறவிடவும். இரண்டும் ஆறிய பிறகு, கடைசியாக, கரைசலைக் கலக்கிக்கொண்டே கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். கலங்கினால் வடிகட்டக் கூடாது. கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்யவும்.